விழுந்து விழுந்து கவனித்தவள்

முதலாளி பரமானந்தம் வாயைத் திறந்தால் அந்த ஜவுளிக்கடையில் ஃபேன்கூட யோசித்துத்தான் சுற்றும். சேலைப் பிரிவில் கிழிந்து கிடந்த கம்பளம் தடுக்கி விழுந்து காலை முறித்துக்கொண்ட செண்பகவடிவு, மாவுக்கட்டோடு அவர் முன்னால் வந்து நின்றாள். கூட வேலை பார்க்கும் இசக்கியம்மாள் அவளைத் தாங்கிப் பிடித்திருந்தாள்.

"பராக்குப் பாத்து விழுந்தா கடையா பொறுப்பு? நாளையிலருந்து வராதே. உன்னை விழச் சொன்னது யாரு?"

முகூர்த்தப் பட்டு எடுக்க வந்த கூட்டம் திரும்பிப் பார்த்தது.

"நீங்கதான் மொதலாளி."

இசக்கியம்மாள் அவள் முந்தானையைப் பிடித்து இழுத்தாள்.

"நானா?"

செண்பகவடிவு ஊன்றுகோலைத் தூக்கி வாசலுக்கு மேலே காட்டினாள். முதலாளியின் படத்துக்குக் கீழே கொட்டை எழுத்தில், 'வாடிக்கையாளர்களை விழுந்து விழுந்து கவனிப்போம்' என்று இருந்தது.

"தினமும் காலையில எங்களைச் சத்தமா சொல்லவும் வைக்கீங்க. நான் ஒரு தடவைதான் விழுந்திருக்கேன் மொதலாளி. இன்னொரு தடவை பாக்கியிருக்கு. அதுக்குள்ள போகச் சொன்னா எப்படி?"

கூட்டம் கொல்லென்று சிரித்தது. சாயங்காலத்துக்குள் கிழிந்த கம்பளம் போனது, செண்பகவடிவுக்குச் சம்பளத்தோடு லீவு வந்தது.

அன்றிலிருந்து இசக்கியம்மாள் தினமும் அந்த எழுத்தைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டுத்தான் கடைக்குள் நுழைகிறாள். தன் படத்தைத்தான் கும்பிடுகிறாள் என்று பூரித்துப்போயிருக்கிறார் முதலாளி.