நார்மல் சார்

அரசு மருத்துவக் கல்லூரியின் கண் பிரிவில் அன்று மாணவி ஹசீனாவின் முறை. கண்ணுக்குள் வெளிச்சம் பாய்ச்சிப் பார்க்கும் கருவியைத் தன் கண்ணோடு ஒட்டிப் பிடித்து, நோயாளியின் பார்வை நரம்பு எப்படி இருக்கிறதென்று பார்த்துச் சொல்ல வேண்டும். நோய் இன்னதென்று பேராசிரியர் அருணகிரி முன்கூட்டிச் சொல்ல மாட்டார்.

நாற்காலியில் பெரியவர் மாயாண்டி. வெளியிலிருந்து பார்த்தால் கண்ணில் ஒரு குறையும் இல்லை. கூட்டி வந்த மகள் இருளாயி வெளியே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள்.

ஹசீனா குனிந்து இடது கண்ணுக்குள் பார்த்தாள். சிவப்பாக ஏதோ மங்கலாகத் தெரிந்தது. அவ்வளவுதான். அவளுக்கு முன்னால் பார்த்த மாணவர்கள் எல்லாம் "தெரியுது சார்" என்று தலையாட்டிவிட்டுப் போயிருந்தார்கள். தெரியவில்லை என்று சொன்னால் மானம் போய்விடும்.

"நார்மல் சார்" என்றாள்.

மாயாண்டி சட்டென்று நிமிர்ந்தார்.

"நார்மலா தாயி? அந்தக் கண்ணுல பொட்டு வெளிச்சம்கூடத் தெரியாதேம்மா. இனிமே வராதுன்னு சொன்னாகளே. அப்ப வந்துருமா?"

கை கூப்பியிருந்தார். ஹசீனா பேராசிரியரைப் பார்த்தாள்.

"இல்லைங்கய்யா" என்றாள். "எனக்கு எதுவுமே தெரியல. தெரிஞ்ச மாதிரி பொய் சொல்லிட்டேன். மன்னிச்சிருங்க."

கூப்பிய கைகள் மெல்ல மடிக்கு இறங்கின. பிறகு பெரியவர் முகத்தைத் தானே வாகாகத் திருப்பிக் கொடுத்தார்.

"இன்னொருக்கா பாரு தாயி. ஆடாம இருக்கேன். ஒனக்குத் தெரியிற வரைக்கும் பாரு."

பார்த்தாள். இடுப்பு கழன்றது. அவர் கண்ணில் நீர் வழிந்தது. ஆனாலும் மனிதர் அசையவில்லை. மங்கல் விலகி, ஒரு ரத்தக்குழாய் தெரிந்தது. அதைப் பிடித்துக்கொண்டே போனாள். வெளிறிய வட்டம். அதன் நடுவில் பெரிய குழி. நரம்பு அரித்துப்போய், ஓரத்தில் நூலளவு மிச்சம்.

"தெரியுதுங்கய்யா!"

"தெரிஞ்சிருச்சா?" என்று பெரியவர் சிரித்தார். அந்தச் சிரிப்பைத் தாங்க முடியாமல் அவள் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

மகள் வாசலில் நின்றபடியே அவரை வெளியே கூட்டிப் போனதும் ஹசீனா கேட்டாள்:

"அது கண் அழுத்த நோய்தானே சார்?"

"ஆமா."

"போன பார்வை திரும்பாதா?"

"திரும்பாது."

"பொய் சொன்னவளுக்கு மறுபடி கண்ணைக் காட்டினார் சார். பதிலுக்கு நான் அவருக்கு என்னதான் செய்யிறது?"

அருணகிரி கதவைத் திறந்தார். பெஞ்சில் இருளாயி அப்பாவின் கண்ணீரை முந்தானையால் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"இது பெத்தவங்ககிட்ட இருந்து பிள்ளைங்களுக்கு வரக்கூடிய நோய். ஆரம்பத்துல பார்த்துட்டா கண்ணைக் காப்பாத்திரலாம். நானும் எத்தனையோ தடவ கூப்பிட்டுட்டேன். 'எனக்கு நல்லாத்தான தெரியுது'ன்னு அந்தப் பொண்ணு கண்ணைக் காட்ட உள்ள வரமாட்டேங்குது."

கருவியை ஹசீனாவின் கையில் வைத்தார்.

"அவங்க அப்பாவும் அப்படித்தான் சொல்லிக்கிட்டிருந்தார்."