வடிவுக்குக் கால் வலிக்கக் கூடாது

பூவரசங்குறிச்சிக்காரர்களுக்குக் காது நன்றாகக் கேட்கும். தொந்தரவே அதுதான். சொன்னதைச் சொன்னபடி செய்வார்கள்.

அந்த ஊர் வடிவுக்குக் கல்யாணம் கூடிவந்தது. மாப்பிள்ளை பனைமர உயரம். வடிவு குட்டை. மாப்பிள்ளையின் அம்மா கறாராகச் சொல்லிவிட்டாள்: "முந்தின நாள் ரிசப்ஷன்ல பொண்ணு எம் மவன் தோளுக்கு வரணும். வரலைன்னா மறுநாள் தாலி கிடையாது."

தாய்மாமன் பூலிங்கம் பொறுப்பேற்றார். திருநெல்வேலிக்குப் போய் ஹீல்ஸ் செருப்பு வாங்கிவந்தார். குதிகால் பக்கம் நாலு விரல் உயரம். வடிவு மாட்டிக்கொண்டு எழுந்தாள். "ஐயோ மாமா, விரலெல்லாம் நசுங்குது" என்று உட்கார்ந்துவிட்டாள்.

பூலிங்கம் மறுபடி பஸ் ஏறினார். கடைக்காரர் பொறுமைசாலி.

"உள்ள கொஞ்சம் பஞ்சு வைங்க. தினமும் வீட்டுல போட்டு நடந்து பழகணும். குதி உசந்து, விரல் தாழ்ந்து நிக்குல்லா, அதான் வலி. பாதம் சமமா இருந்தா ஏன் வலிக்கப்போவுது?"

வழியெல்லாம் அதையே முணுமுணுத்தபடி வந்தார் பூலிங்கம். ஒரு சொல் சிந்தவில்லை.

பஞ்சு வைத்தார்கள். ஒரு தலையணையே உள்ளே போயிற்று. கால் போகவில்லை.

"பஞ்சு நல்லா பொருந்தியிருக்கு," என்றார் சித்தப்பா சுடலையாண்டி. "காலை எங்க வைக்க?"

பஞ்சை எடுத்தார்கள்.

அடுத்து, நடந்து பழக வேண்டும். வடிவுக்குத்தான் வலிக்கிறதே. பாவம், அவளைப் படுத்துவானேன் என்று பூலிங்கமே பழகினார். அவள் செருப்பு அவர் காலுக்குப் பற்றாது. தன் அளவில் ஒரு ஜோடி வாங்கிக்கொண்டு கூடத்தில் டக் டக்கென்று நடந்தார். சீக்கிரமே பழகிவிட்டது.

"இப்ப ஓடவே செய்வேன்," என்றார்.

"எனக்கு இன்னும் வலிக்கே மாமா," என்றாள் வடிவு.

அது பூலிங்கத்துக்குப் புரியவில்லை. இவ்வளவு நடந்திருக்கிறாரே!

பாதத்தைச் சமமாக்குவதுதான் பாக்கி. கூடிப் பேசினார்கள்.

"செருப்போட குதியை வெட்டிருவோம்," என்றார் வடிவின் அப்பா ஆவுடையப்பன்.

"வெட்டினா பொண்ணு குள்ளமாயிருவாளே அத்தான்?"

"ஆமால்லா."

சுடலையாண்டி தொண்டையைச் செருமினார். "செருப்பு சாய்ஞ்சிருக்கு. அதுல தப்பில்ல. தரை சமமா கிடக்கு பாருங்க, அதான் தப்பு."

பூலிங்கத்துக்குக் கண் கலங்கிவிட்டது.

பந்தல்காரரைக் கூப்பிட்டு ரிசப்ஷன் மேடையின் முன்பக்கத்தைத் தூக்கச் சொன்னார்கள். தூக்கினார். மேடை பின்பக்கம் சாய்ந்து நின்றது.

ரிசப்ஷன் அன்று சாயங்காலம் வடிவு மாப்பிள்ளை பக்கத்தில் ஏறி நின்றாள். விரல் மேட்டில், குதி பள்ளத்தில். பாதம் சமம். வலி இல்லை. தலை சரியாக மாப்பிள்ளை தோளுக்கு வந்தது. பூலிங்கம் மூச்சுவிட்டார்.

மாப்பிள்ளை வழுக்கினார்.

புது பூட்ஸ். அப்படியே பின்னால் போய்ப் பூ அலங்காரத்துக்குள் மறைந்தார். இழுத்து நிறுத்தினார்கள். மறுபடியும் போனார்.

"எம் புள்ளையைக் கொல்லப் பாக்கீங்களா?" என்று அலறினாள் சம்பந்தியம்மா.

பூலிங்கம் பதறவில்லை. தன் ஹீல்ஸைக் கழற்றி மாப்பிள்ளைக்கு மாட்டினார். மாப்பிள்ளை கம்பமாக நின்றார். கூடவே நாலு விரல் வளர்ந்தும்விட்டார்.

"இப்ப பொண்ணு தோளுக்கு வரலையே! நாளைக்குத் தாலி இல்ல, ஆமா!"

"பொண்ணுக்கு எட்டு விரல் ஹீல்ஸ் வாங்கிருவோம்," என்றார் ஆவுடையப்பன்.

"மேடையை இன்னும் தூக்கணும்."

"தூக்குவோம்."

"மாப்ள வழுக்குவாரே?"

"அவருக்கும் எட்டு வாங்குவோம்."

"தள்ளுங்கய்யா, நானே அளந்து பாக்கேன்" என்று சம்பந்தியம்மா மேடை ஏறினாள். வழுக்கினாள். பின்பக்கப் பள்ளத்தில் போய் உட்கார்ந்தாள். அங்கிருந்து அண்ணாந்து பார்த்தாள். வடிவு கோபுரம் மாதிரி தெரிந்தாள்.

"பொண்ணு உசரமாத்தான் இருக்கா," என்றாள். "தாலி கட்டலாம்."

பூலிங்கம் கும்பிட்டார்.

தூக்கிவிட்டதும் சம்பந்தியம்மாவுக்கு ஒரு கவலை வந்தது. "எங்க வீட்டுத் தரை சமமாச்சே. அங்க வந்து இவ எப்படி நடப்பா?"

"அதை நெனைக்காம இருப்போமா?" என்றார் பூலிங்கம். "காலையிலேயே கொத்தனாரை உங்க வீட்டுக்கு அனுப்பியாச்சு. கூடத்தைச் சாய்ச்சு முடிச்சிட்டாங்களாம். இப்ப அடுக்களையைத் தூக்கிக்கிட்டிருக்காங்க."