ஆறுச்சாமி ஆலைப் புகை

நாச்சிமுத்து பேரன் எடுத்தவர். அவருடைய குருவான ஆற்றங்கரை மடத்துச் சாமிக்கோ அவர் மகன் வயதுதான். ஊரில் அதைக் கேலி பேசாத ஆளில்லை. நாச்சிமுத்து அதற்கெல்லாம் அசைகிறவர் இல்லை. அவரை அசைத்தது ஆறுச்சாமியின் ஆலைதான்.

இரண்டு பேரும் கரும்பு ஆட்டி வெல்லம் காய்ச்சுகிறவர்கள். நேற்று முளைத்த ஆறுச்சாமியின் ஆலையில் நாற்பது பேருக்கு வேலை. நாச்சிமுத்துவிடம் பாகு பதம் பார்த்த கருப்பணன்கூட அங்கே போய்விட்டான். போதாக்குறைக்கு மாரியம்மன் நோன்பித் திருவிழாவில் முதல் மரியாதையும் ஆறுச்சாமிக்கே. அன்றிலிருந்து நாச்சிமுத்துவுக்குச் சோறு இறங்கவில்லை. விடிந்ததும் மொட்டைமாடிக்கு ஏறி, அந்த ஆலைக்குள் யார் யார் நுழைகிறார்கள் என்று பார்ப்பதே பிழைப்பாகிவிட்டது. பொறாமைதான், வேறென்ன! ஆனால் அதற்கு அவர் வைத்த பெயர் புகை.

புகையும் பொய்யில்லை. ஆறுச்சாமி பழைய டயர்களை வெட்டி அடுப்பில் போட்டான். ஊரில் காயப்போட்ட துணியெல்லாம் கறுத்தது. பிள்ளைகள் இருமிக்கொண்டே பள்ளிக்கூடம் போயின.

நாச்சிமுத்து காலையிலேயே மடத்துக்கு வந்தார்.

“சாமி, கலெக்டரைப் பார்த்து அந்த ஆலையை மூடச் சொல்லோணுங்க. நீங்க கூட வந்தீங்கன்னா காரியம் ஆயிரும். ஊரை நாசம் பண்றவனை விட்டுவெக்கறது தர்மமுங்களா?”

சாமிக்கும் நெஞ்சில் கரகரப்புதான். இருமிவிட்டுக் கேட்டார்.

“மூடினா அந்த நாப்பது பேர்?”

“எங்க ஆலைக்கு வரட்டுங்க.”

“எத்தனை பேரை வெச்சுக்குவீங்க?”

“ஏழெட்டுப் பேரை வெச்சுக்கலாமுங்க.”

“கருப்பணன் இந்தச் சம்பளத்தை நம்பித்தான் மகளை நர்சிங் சேர்த்திருக்கான்.”

“அந்த நன்றி கெட்டவனைப் பத்திப் பேசாதீங்க சாமி! அதெல்லாம் அவங்கவங்க தலையெழுத்து.”

தன் மூக்கை அறுத்துக்கொண்டாவது எதிரிக்குச் சகுனத்தடை பண்ணுகிறவர்கள் உண்டு. இவர் அறுக்கப் பார்த்தது ஊரார் மூக்கை.

சாமி கோபப்படவில்லை. “நீங்களும் வெல்லம்தானே காய்ச்சறீங்க. டயர் போடறதில்லையா?” என்றார்.

“நானா? சேச்சே!” நாச்சிமுத்துவின் முகம் மலர்ந்துவிட்டது. “எனக்கு எதுக்குங்க டயரு? கரும்புச் சக்கை ஈரமா இருந்தா எரியாது, அதனால அவன் டயரைத் தேடறான். நான் அடுப்புக்கு அடியில கம்பி போட்டுக் காத்து வர வழி விட்டிருக்கறனுங்க. வெளிய போற அனலைத் திருப்பி மறுநாள் சக்கையைக் காய வெச்சுக்குவேன். வெறும் சக்கையிலேயே கொப்பரை தளதளன்னு கொதிக்கும். எங்க புகைபோக்கியைப் பார்த்தா அடுப்பு எரியறதே தெரியாதுங்க.”

“அட! ரொம்பச் செலவோ?”

“கொஞ்சம் செங்கல்லு, நாலு கம்பி. அவ்வளவுதானுங்க.”

“பெரிய ஆலைக்கும் ஆகுமா?”

“எத்தனை பெரிய ஆலைக்கும் ஆகுமுங்க.”

“ஆறுச்சாமிக்கு இது தெரியுமா?”

“தெரிய விடுவனுங்களா? அடுப்பைச் சுத்தித் தட்டி கட்டி மறைச்சிருக்கேன்.”

“தெரிஞ்சா டயரை விட்டுருவாரா?”

“அன்னைக்கே விட்டுருவான். டயர் வாங்கற காசு மிச்சமுல்ல! அப்பறம் நாப்பது பேரு அறுபதாகும். ஊரே அவனைக் கையெடுத்துக் கும்பிடும். அதை நான் மாடியில உக்காந்து பார்த்துட்டிருக்கோணுமா? வயிறு எரியுதுங்க சாமி!”

கத்திவிட்டு, கலங்கிய கண்ணைத் துடைத்துக்கொண்டார். சாமி துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார்.

“கிளம்புங்க, கலெக்டரைப் பார்க்கலாம். ஆனா நான் ரெண்டு பேர் மேல புகார் சொல்லுவேன்.”

“ரெண்டு பேரா? இன்னொருத்தன் யாருங்க?”

“டயரைப் போட்டு எரிக்கறவன் ஒருத்தன். போடாம எரிக்க வழி தெரிஞ்சும் வாயைத் திறக்காதவன் ஒருத்தன்.”