மாஸ்டர் கையில் ஒட்டாத மஞ்சள்

தென்காசியில் ஒரு ஜிம். அங்கே திருமேனி மாஸ்டரின் வாய்ச்சவடாலுக்குக் குறைவே இல்லை. மூலையில் கிடக்கும் நூற்றிருபது கிலோ கம்பியைத் தினமும் விடியும் முன்னே ஐம்பது தடவை தூக்கிவிடுவாராம். பார்த்தவர் யாருமில்லை.

எடை தூக்கச் சேர்ந்து இரண்டே மாதமான பூங்கனிக்கு உள்ளங்கை காய்த்துப்போய், ஒரு காய்ப்பு கிழிந்தும்விட்டது. எல்லார் முன்னாலும் மாஸ்டர் அவளைக் கையை நீட்டச் சொன்னார்.

"கம்பியைப் பிடிக்கத் தெரியாத கை! என் கையைப் பாரு, பூ மாதிரி. நாளைக்கு இதே மாதிரி கையோட வா. இல்லன்னா போட்டிக்கு உன் பேரை அனுப்ப மாட்டேன்."

பூங்கனி பார்த்தாள். தினம் இரும்பைப் பிடிக்கிற கையில் ஒரு காய்ப்புகூடவா இருக்காது? அவளுக்கு அங்கேயே பொறி தட்டியது.

மறுநாள் காலை கட்டுப் போட்ட கையோடு வந்தாள்.

"மாஸ்டர், இன்னைக்கும் தூக்கினீங்களா?"

"தூக்காம இருப்பேனா? ஐம்பது!"

"ஐயையோ! துருப்பிடிக்கக் கூடாதேன்னு நேத்து அந்தக் கம்பியில மஞ்சளும் எண்ணெயும் குழைச்சுப் பூசிட்டுப் போனேனே. கையெல்லாம் ஒட்டியிருக்குமே?"

மாஸ்டர் ஒரு நொடி திருதிருவென்று விழித்தார். "ஓ, அது உன் வேலைதானா? மூணு தடவை சோப்புப் போட்டுக் கழுவினேன்!"

பூங்கனி தன் வெள்ளைத் துண்டால் அந்தக் கம்பியை அழுத்தித் துடைத்து, எல்லாரும் பார்க்க விரித்துப் பிடித்தாள். துண்டு கன்னங்கரேலென்று இருந்தது.

"நான் மஞ்சளே பூசலை மாஸ்டர். அது போகட்டும், இத்தனை நாள் தூசியாவது உங்க கையில ஒட்டியிருக்க வேண்டாமா?"

திருமேனி பேனாவைத் தேடினார், போட்டிப் பட்டியலில் அவள் பேரை எழுத.