காந்தம் ஒட்டிய இடம்

கோவில்பட்டியில் பாத்திரக்கடை வைத்திருந்த சுயம்புலிங்கம் அண்ணாச்சி, விற்ற சாமானைத் திரும்ப வாங்கியதே இல்லை. ஒருநாள் சமையல்காரி செண்பகவல்லி ஓர் அலுமினியச் சட்டியோடு வந்தாள்.

“நீங்க குடுத்த சட்டி இண்டக்‌ஷன் அடுப்புல சூடே ஆகலை அண்ணாச்சி. மாத்தாம வேலைக்கு வராதேன்னு வீட்டம்மா சொல்லிட்டாங்க.”

கடை நிறைய ஆள் இருந்தது. அண்ணாச்சி ஒரு காந்தத்தை நீட்டினார்.

“காந்தம் ஒட்டுற சட்டிதான் அந்த அடுப்புக்கு ஆகும். இந்தா, கீழ்க்கடையில இது எதுல ஒட்டுதோ, அதை எடுத்துட்டுப் போ.”

ஒட்டுகிற சட்டியெல்லாம் மாடியில் பூட்டிக் கிடப்பது ஊருக்கே தெரியும்.

செண்பகவல்லி அலமாரி அலமாரியாக வைத்துப் பார்த்தாள். பதினேழு சட்டியிலும் காந்தம் வழுக்கியது. யாரோ சிரித்தார்கள். கடைசியில் அவள் அண்ணாச்சி பக்கம் வந்து குனிந்தாள். அவர் உட்கார்ந்திருந்த இரும்பு நாற்காலியின் காலில் காந்தம் டக்கென்று ஒட்டிக்கொண்டது.

“கொஞ்சம் எழுந்திருங்க அண்ணாச்சி.”

“ஏன், நாற்காலியில சமைக்கப் போறியாக்கும்?”

“சமைக்க முடியாதுதான். மாடியில இருந்து நல்ல சட்டி இறங்கி வர்ற வரைக்கும் உட்கார்ந்திருக்கலாம்லா?”

அண்ணாச்சி நின்றுகொண்டே மாடிச் சாவியைத் தேடினார்.