சாதுமலை வாய் திறந்த கதை

கடலோரத்தில் ஒரு மலை இருந்தது. வயிற்றுக்குள் நெருப்பு, உச்சியில் பெரிய வாய். ஆனால் அது வாய் திறந்து யாரும் பார்த்ததில்லை. அதனால் அடிவாரத்து ஜனங்கள் அதற்குச் சாதுமலை என்று பேர் வைத்தார்கள். மலைக்கு அந்தப் பேரில் அப்படியொரு பெருமை!

அடியில் கிடந்த தீக்குழம்புக்குத்தான் பொறுக்கவில்லை. "அண்ணே, உள்ளே ஆவி முட்டுது. வாயைக் கொஞ்சம் திறங்களேன், மூச்சு விட்டுக்கறேன்" என்று கெஞ்சியது.

மலைக்குப் பாவமாக இருந்தது. லேசாகத் திறந்தது. போனது என்னவோ ஒரு கீற்றுப் புகைதான்.

போதாதா? சரிவில் கத்திரிக்காய் போட்டிருந்த பவளக்கொடி அப்போதுதான் வெள்ளை வேட்டிகளைக் காயப்போட்டிருந்தாள். கரி விழுந்த வேட்டியைத் தூக்கிக் காட்டி, "அட சாதுவே, உனக்குமா இந்தப் புத்தி? நல்ல பேரைக் கெடுத்துக்காதே, ஆமா!" என்றாள்.

மலைக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. வாயை இறுக மூடிக்கொண்டது.

"அண்ணே, இன்னும் கொஞ்சம்..."

"அடங்கிக் கிட. நாலு பேர் என்ன நினைப்பாங்க?"

குழம்பு அடங்கிக் கிடந்தது. ஆவி அடங்கவில்லை, அதற்கு அந்த நாலு பேரைத் தெரியாது. கிணற்றுத் தண்ணீர் சுட்டது. சட்டிபானைகள் தாமாக ஆடின. பவளக்கொடி மலையை அண்ணாந்து பார்த்தாள். பொட்டுப் புகை இல்லை. "நம்ம சாது இருக்கும்போது என்ன பயம்?" என்று களையெடுக்கப் போய்விட்டாள்.

மலைக்கு அழுகையே வந்துவிட்டது. ஓடிப் போ தாயி என்று கத்த வேண்டும். கத்தினால் பேர் போய்விடும். பல்லைக் கடித்துப் பார்த்தது. முடியவில்லை. பேராவது மண்ணாவது என்று ஓர் உறுமல் உறுமியது.

ஜனங்கள் பிள்ளைகளை வாரிக்கொண்டு படகுக்கு ஓடினார்கள். பின்னாலேயே உச்சி பிளந்தது. ஊர் சாம்பலுக்கடியில் போனது.

சில மழைக்காலம் கழித்துத் திரும்பி வந்தார்கள். மலைமேல் கோபம்தான். ஆனால் அந்தச் சாம்பல் மண்ணில் கத்திரிக்காய் முன்னைவிடப் பெரிதாகக் காய்த்தது. அதை விட்டுப்போக யாருக்கும் மனசு வரவில்லை.

மலை இப்போதெல்லாம் தினமும் வாய் திறந்து புகை விடுகிறது. பேர் போனது போனதுதான், புகைமலை என்கிறார்கள்.

"பாருங்க அத்தை, புதுச் சேலையெல்லாம் கரி!" என்றாள் பவளக்கொடியின் மருமகள்.

"கரின்னா துவைச்சுக்கலாம்டி. அது சாதுவா இருக்கற அன்னைக்குச் சொல்லு, மூட்டை கட்டணும்."