குளக்கரைக் குழாய்கள்

செண்பகவல்லிக்கு முப்பத்திரண்டு வயது. போகிறவர் வருகிறவர் தொட்டு விளையாடும்படியான கலைப்பொருட்களை ஊருக்குள் செய்து வைப்பவர். அவரிடம் சீடராகச் சேர்ந்த தணிகாசலத்துக்கு அறுபத்தொன்று. தொலைபேசி இலாகாவில் லைன் பார்த்து ஓய்வு பெற்றவர். செண்பகவல்லியை டீச்சர் என்றுதான் கூப்பிடுவார்.

கோவையில் ஒரு குளக்கரைப் பாதை நெடுக இருவரும் இருபத்துநான்கு குழாய்களை நட்டார்கள். வாய் உயரத்தில் வண்ணப் புனல்கள். மண்ணுக்கடியில் ஒவ்வொன்றும் தூரத்தில் இருக்கும் இன்னொன்றோடு சேரும். இதில் பேசினால் அதில் கேட்கும். எதில் என்று பேசுகிறவருக்குத் தெரியாது.

முதல் ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே கூட்டம். ஒருவர் சேவல் மாதிரி கூவினார். எங்கிருந்தோ ஒரு பெண் குரல், "விடிஞ்சு ரொம்ப நேரமாச்சுங்க" என்றது.

தணிகாசலத்துக்கு மட்டும் மனசு ஆறவில்லை.

"ஏனுங்க டீச்சர், எது எதோட சேருதுன்னு நம்பர் எழுதிப் போட்டுறலாமுங்களா? யாருன்னு தெரியாம என்ன பேச்சுங்க?"

"நீங்க பேசிப் பாத்தீங்களா?"

"நானுங்களா? குழாய் போட்டதே நானுங்க."

"பேசிப் பாத்தீங்களான்னு கேட்டேன்."

அவர் கூச்சத்தோடு ஒரு பச்சைப் புனல் முன்னால் போய் நின்றார். முப்பது வருடம் அடுத்தவர் பேச வழி செய்துகொடுத்தவர். இப்போது என்ன பேசுவதென்று தெரியவில்லை. அதற்குள் உள்ளிருந்து ஒரு பெண் குரல் வந்தது.

"யாராச்சும் இருக்கீங்களா?"

"இருக்கேனுங்க."



"நாளைக்கு எனக்குக் கண்ணுல ஆபரேஷன். வீட்டுல எல்லாருக்கும் நான்தான் தைரியம் சொல்லிட்டிருக்கேன். எனக்குத்தான் பயமா இருக்கு."

தணிகாசலம் சுற்றுமுற்றும் பார்த்தார். டீச்சர் தூரத்தில் ஒரு புனலைத் துடைத்துக்கொண்டிருந்தார். இவர் புனலுக்குள் குனிந்தார்.

"எனக்கும் போன வருஷம் பண்ணாங்க. முந்தின நாள் குளியலறைக்குள்ள போயி அழுதேனுங்க. யாருக்கும் தெரியாது."

"வலிச்சுதுங்களா?"

"இல்லீங்க. ஆனா கட்டுப் பிரிச்சதும் சம்சாரத்தைப் பாத்தேன். முகத்துல இத்தனை சுருக்கமான்னு ஆயிருச்சு."

குழாய்க்குள் சிரிப்பு உருண்டு வந்தது.

"அவங்ககிட்டச் சொன்னீங்களா?"

"சொல்லுவேனுங்களா?"

இன்னும் பெரிய சிரிப்பு. "சரிங்க, நான் வர்றேன்" என்றது குரல். அப்புறம் காற்று மட்டும்.

அந்தக் குழாய் பூவரச மரத்தடி மஞ்சள் புனலில் போய்த் திறக்கிறது என்பது அவருக்குத் தெரியும். முகத்தைத் திருப்பினால் போதும். புனலின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றார்.

செண்பகவல்லி பக்கத்தில் வந்தார்.

"யாருங்க?"

"பாக்கலைங்க. பாத்திருக்கலாம்."

பிறகு அவரே கேட்டார்.

"டீச்சர், அந்தம்மா தெரிஞ்சவங்களா இருந்து, நேர்ல பாத்திருந்தா நான் என்ன பேசியிருப்பேன்?"

"சௌக்கியமுங்களான்னு கேட்டிருப்பீங்க. சௌக்கியமுங்கன்னு அவங்களும் சொல்லியிருப்பாங்க."